நரம்பு மாறியது, விரல்கள் மாறினவா?

1938 ஜனவரி 29. பெர்லினின் லிக்டன்பெர்க் பகுதியில் இருந்த ஐ.ஜி. ஃபார்பன் ஆய்வகத்தில் பவுல் ஷ்லாக் என்ற வேதியியலாளர் கேப்ரோலாக்டம் என்ற பொருளைச் சூடாக்கி, நூலாக இழுக்கக்கூடிய ஒரு பிளாஸ்டிக்கைப் பெற்றார். அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935லேயே நைலானைக் கண்டுபிடித்திருந்தார். அதைக் காப்புரிமை காத்து நின்றது. கேப்ரோலாக்டத்திலிருந்து இழை வராது என்று கருதி அமெரிக்கர்கள் விட்டுவைத்த சந்து வழியாக ஷ்லாக் உள்ளே போனார். அந்த இழைதான் பெர்லான். போர்க்காலத்தில் பாராசூட்டுக்கும் விமான டயருக்கும் போன பெர்லான், போர் முடிந்ததும் பெண்களின் காலுறையாயிற்று. கூடவே தூண்டில் நரம்பும் ஆயிற்று.

அந்த ஆய்வகத்தில் தூண்டில் முடிச்சைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்து புது நரம்பில் பழைய முடிச்சைப் போட்டவர்தான் கவலைப்பட வேண்டியிருந்தது. அதுவரை இருந்த பட்டுப்புழு நரம்பில் இறுகி நின்ற முடிச்சு பெர்லானில் வழுக்கிக் கழன்றது. மீன் போன பிறகு நுனியை எடுத்துப் பார்த்தால் அறுந்த அடையாளமே இருக்காது, சுருண்டு மட்டும் இருக்கும். முடிச்சு கழன்றது என்பதற்கு அதுவே சாட்சி.

ஜெர்மனியின் மீன்பிடி வரலாற்றைச் சற்று எட்டி நின்று பார்த்தால் இதே கதை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. இழை முதலில் மாறுகிறது. அதைச் செய்பவருக்கும் விற்பவருக்கும் முடிச்சு ஒரு பொருட்டாக இருப்பதில்லை. கட்டுகிறவரின் கை வெகுகாலம் கழித்தே வந்து சேர்கிறது. ‘எது நல்ல முடிச்சு?’ என்ற கேள்விக்கு இன்றுவரை ஒரே பதில் கிடைக்காததற்கும் இதுவே காரணம். எந்த நரம்பில், எந்த முள்ளில் என்று சேர்த்துக் கேட்டால்தான் அது கேள்வியாகும்.

பெர்லினுக்கு மேற்கே வுஸ்டர்மார்க் என்ற ஊரில் கிடைத்த தூண்டில் முட்கள் ஏறத்தாழ 12,300 ஆண்டுகள் பழையவை. அவற்றோடு மாமத் யானையின் தந்தத்தில் செதுக்கிய முள் ஒன்றும் கிடைத்தது. அதே பிராண்டன்பர்க் மாநிலத்தின் ஃப்ரீசாக் என்ற சதுப்பு நிலத்தில் பெர்ன்ஹார்ட் கிராம்ஷ் 1970களிலும் 80களிலும் நடத்திய அகழாய்வில், இடைக்கற்கால மக்களின் கயிறும் வலைத் துண்டுகளும் வெளிவந்தன. எல்லாம் மரப்பட்டை நாரில் செய்தவை. ஈரச் சதுப்பில் காற்றுப் படாமல் கிடந்ததால் தப்பித்தவை. நார் சொரசொரப்பானது. நனைந்தால் ஊதி, தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தால் போதும். பழைய எலும்பு முட்களில் பெரும்பாலானவற்றுக்கு ஊசிக்குப் போல் காது இல்லை. தண்டின் மேலேயே நாரைச் சுற்றிக் கட்ட வேண்டும். இந்த முறை செத்துப்போய்விடவில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு. இன்றும் ஜெர்மானியக் கடைகளில் காதுள்ள முள்ளுக்குப் பக்கத்திலேயே, தலை தட்டையாக அடிக்கப்பட்ட காதில்லாத முள் விற்கிறது. மெல்லிய நரம்பில் சிறு மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். நரம்பைத் தண்டின்மேல் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி இறுக்குவதுதான் அதற்கும் முடிச்சு.

எழுத்தில் பதிந்த காலத்துக்கு வந்தால், ஜெர்மனிக்குப் பெருமைப்பட இரண்டு சான்றுகள் உண்டு. 1493இல் ஹைடல்பர்க்கில் யாகோப் கோபெல் அச்சிட்ட சிறு நூல், மீனையும் பறவையையும் பிடிப்பது எப்படி என்று சொல்கிறது. தூண்டில் பற்றி ஆங்கிலத்தில் அச்சான முதல் நூலுக்கு மூன்றாண்டு மூத்தது அது. அடுத்தது பவேரியாவின் டெகர்ன்ஸி மடத்தில் 1500ஐ ஒட்டி எழுதப்பட்ட கையெழுத்துப் படி. மடத்தின் சமையலறைக்கு நோன்பு நாட்களில் மீன் வேண்டும். எந்த மாதத்தில் எந்த மீனுக்கு எந்த இறகு, எந்த நிறப் பட்டுநூல் என்று அது அடுக்கிக்கொண்டே போகிறது. இறகுக்குக் கொடுத்த இடத்தை முடிச்சுக்குக் கொடுக்கவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முடிச்சு கையிலிருந்து கைக்குப் போகும் வித்தை; பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு எழுத்து எதற்கு?

அக்காலத்துத் தூண்டில் கயிறு குதிரை வால் மயிர். பல மயிர்களை முறுக்கி ஒரு துண்டு, பல துண்டுகளை முடிந்து ஒரு கயிறு, நுனிக்குப் போகப் போக மயிர்களின் எண்ணிக்கை குறையும். பிறகு வந்தது பட்டுப்புழு நரம்பு. புழு கூடு கட்டுமுன் அதன் பட்டுச் சுரப்பியை எடுத்து, புளிக்காடியில் ஊறவைத்து இழுத்துச் செய்வது. ஸ்பெயினின் மூர்சியா வட்டாரத்திலிருந்து ஐரோப்பா முழுவதும் போனது. ஒரு இழை ஒரு முழத்துக்கு மேல் வராது என்பதால் முள்ளுக்கு முன்னால் வரும் துண்டுக்கே பல முடிச்சுகள் தேவைப்பட்டன. காய்ந்த நிலையில் முடிந்தால் விரிசல் விடும். முந்தின இரவே ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். 1875இல் பெர்லினில் டி.ஏ.எம். என்ற தூண்டில் கருவி நிறுவனம் தொடங்கியபோதும், அதே ஆண்டு மாக்ஸ் ஃபோன் டெம் போர்னே தூண்டில் மீன்பிடிப்புக்கான தமது படக் கையேட்டை வெளியிட்டபோதும் இதுதான் நிலைமை. குளப் பண்ணை வைத்திருந்த அந்த நிலக்கிழார், அமெரிக்காவிலிருந்து புது மீன் இனங்களைக் கொண்டுவந்து ஜெர்மானிய நீரில் விட்டவர் என்றும் பெயர் பெற்றவர். (அதை இன்றைய சூழலியலாளர்கள் பாராட்ட மாட்டார்கள்.)

பெர்லான் இந்த உலகத்தை ஒரே தலைமுறையில் துடைத்துப்போட்டது. எத்தனை மீட்டர் வேண்டுமானாலும் ஒரே இழை. ஊறவைக்க வேண்டாம், காயவைக்க வேண்டாம், அழுகாது. நாடு இரண்டாகப் பிரிந்தபோது கிழக்கிலும் அதே இழை தூரிங்கியாவின் ஷ்வார்ட்சா ஆலையில் தயாராயிற்று. 1959 முதல் அதன் பெயர் டெடெரோன். பெயர் வேறாக இருந்தாலும், வழுக்குவதில் இரண்டும் ஒன்று.

சிக்கல் தூண்டில்காரர்களோடு நிற்கவில்லை. வலைக்காரர்களுக்கு அது இன்னும் பெரிய சிக்கல். பருத்தி வலையின் ஒவ்வொரு கண்ணியும் நெசவாளர் முடிச்சால் ஆனது. பருத்தியில் அந்த முடிச்சு ஆயுளுக்கும் அசையாது. செயற்கை இழையில் அதே முடிச்சு நழுவும். ஒரு கண்ணி பெருக்கும், பக்கத்துக் கண்ணி சிறுக்கும். சிறு மீன் தப்ப வேண்டிய இடத்தில் தப்பாது, பெரிய மீன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. 1957 அக்டோபரில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு முதல் உலக மீன்பிடிக் கருவி மாநாட்டை ஹாம்பர்க்கில் கூட்டியபோது செயற்கை இழை அங்கே முக்கியப் பொருளாக இருந்தது. அந்நகரின் வலை ஆய்வு நிறுவனத்தில் ஆந்த்ரேஸ் ஃபோன் பிராண்ட் இழைகளையும் முடிச்சுகளையும் சோதித்துக்கொண்டிருந்தார். உலகெங்கும் மீன் பிடிக்கும் முறைகளைத் தொகுத்து அவர் எழுதிய நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. வலைக்குக் கிடைத்த தீர்வுகள் எளியவை. ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று, முடிச்சுப் போட்ட வலையை இழுத்துப் பிடித்து வெப்பம் கொடுத்து இறுக்குவது, பசை பூசுவது.

நம் கடற்கரைக்கும் இதில் பங்கு உண்டு. அதே 1957இல்தான் கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் தமிழகக் கரையிலும் பருத்தி வலையும் சணல் வலையும் மறைந்து நைலான் வந்தது. பழைய வலையை மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து மணலில் உலர்த்திய வேலை போயிற்று. வட கடலோரத்து ஜெர்மானியர்களும் தங்கள் பருத்தி வலைகளைக் காசுக்கட்டிச் சாயத்தில் தோய்த்துத்தான் காப்பாற்றினார்கள். நம்மவர் வெற்றிலையோடு மெல்லும் அதே காசுக்கட்டிதான், இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறிப் போனது. பிறகு வலை பின்னும் இயந்திரம் வந்தபோது, கன்னியாகுமரிக் கரையில் கையால் வலை பின்னிப் பிழைத்த பெண்களின் வருமானமும் போயிற்று. இழை மாறினால் முடிச்சு மாறுவதோடு, முடிபவரும் மாறிவிடுகிறார் என்பதை அந்தக் குடும்பங்கள் அறியும்.

முடிச்சு ஏன் பிடிக்கிறது? இதற்கும் பெர்லினில் ஒரு விடை இருக்கிறது. 1766 வரை அந்நகரில் இருந்த கணித மேதை ஆய்லர், அவருக்குப் பின் பிரஷ்ய அரசின் கட்டடப் பொறியாளராக இருந்த யோஹான் ஆல்பர்ட் ஐடெல்வைன், இருவர் பெயரிலும் ஒரு சூத்திரம் வழங்குகிறது. தூணில் சுற்றிய கயிறு எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பதை அது கணக்கிடுகிறது. சுற்று கூடக் கூடத் தாங்கும் திறன் கூட்டலாக வளராமல் பெருக்கலாக வளரும். உராய்வெண் 0.3 உள்ள கயிறு ஒரு சுற்றில் ஆறரை மடங்கு இழுவையை அடக்கும். இரண்டு சுற்றில் நாற்பது மடங்குக்கு மேல். உராய்வெண் 0.1 என்றால் ஒரு சுற்றில் இரண்டு மடங்குகூட வராது. ஆறரை மடங்கை எட்ட மூன்று சுற்று வேண்டும். தூண்டில் முடிச்சு இதைவிடச் சிக்கலானது, நரம்பு தன்னையே அழுத்துகிறது என்பது உண்மை. ஆனாலும் வழவழப்பான இழைக்குச் சுற்று கூடுதலாக வேண்டும் என்ற பாடம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஐடெல்வைன் துறைமுகத்தையும் பாரம் தூக்குவதையும் நினைத்து எழுதியதைத் தூண்டில்காரர்கள் படித்திருந்தால் பல மீன்கள் கரையேறியிருக்கும்.

அடுத்த மாற்றம் பக்கத்து நாடான நெதர்லாந்திலிருந்து வந்தது. டி.எஸ்.எம். நிறுவனம் 1990 முதல் வணிக அளவில் தயாரித்த டைனீமா என்ற பாலிஎத்திலீன் இழை, எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலுவானது. நீரில் மிதக்கும். இழுத்தால் நீளாது, மீன் முகர்ந்தாலே கைக்குத் தெரியும். இதைப் பின்னிச் செய்த ‘பிரெய்ட்’ நரம்பு ஜெர்மானியத் தூண்டில்காரர்களிடம், அதுவும் செயற்கை இரை வீசி பைக், சாண்டர் மீன்களைத் தேடுகிறவர்களிடம், நிலைபெற்றுவிட்டது. ஆனால் இழைகளிலேயே வழுக்கல் மிகுந்தவற்றில் இதுவும் ஒன்று. சுமார் 150 டிகிரியில் உருகிவிடும். உலர்ந்த முடிச்சை வேகமாக இழுத்தால் உராய்வுச் சூட்டிலேயே காயப்படும். பெர்லானில் கற்ற கை மறுபடியும் தோற்றது.

ஆகவே இன்று முடிச்சைத் தேர்ந்தெடுப்பது இப்படித்தான் இருக்க முடியும். சாதாரண ஒற்றை இழை நரம்பில் (மோனோ), நம் மீனவர் சொல்லும் தங்கூசியில், காதுள்ள முள்ளையோ சுழலியையோ கட்ட மேம்பட்ட கிளிஞ்ச் போதும். காதில் நுழைத்து, நரம்பின்மேல் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, காதருகே உள்ள சிறு வளையத்துக்குள் நுனியை விட்டு, பிறகு பெரிய வளையத்துக்குள்ளும் விட்டு, எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்க வேண்டும். நரம்பு தடித்தால் சுற்றைக் குறைக்க வேண்டும், 0.40 மில்லிமீட்டர் நரம்பில் ஏழு சுற்றுச் சுற்றினால் முடிச்சு ஒழுங்காக அடங்கவே அடங்காது. பிரெய்டில் இந்த முடிச்சை நம்பக் கூடாது. அதற்கு பாலோமர்: நரம்பை இரட்டையாக மடித்துக் காதில் நுழைத்து, ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, வளையத்தை முள்ளுக்கு மேலாகக் கொண்டுபோய் இறுக்குவது. போடுவதும் எளிது, கழல்வதும் அரிது. மூன்று முள் கொண்ட பெரிய செயற்கை இரைக்குள் வளையத்தை நுழைப்பதுதான் தொல்லை. அங்கே ஜெர்மானியர் கிரின்னர் என்றும் அமெரிக்கர் யூனி என்றும் அழைக்கும் முடிச்சைப் போடலாம். எதையும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள விரும்புகிறவருக்கு நான் சொல்வது இந்த கிரின்னரைத்தான். சுற்றின் எண்ணிக்கையை மட்டும் மாற்றிக்கொண்டால் மோனோவிலும் பிரெய்டிலும் நிற்கும்.

பிரெய்டை மோனோவோடு இணைப்பதுதான் உண்மையான சோதனை. ஒன்று மெலிந்து வழுக்கும், மற்றொன்று தடித்து விறைக்கும். இரண்டையும் ஒரே மாதிரி முடிந்தால் மெல்லியது தடித்ததை அறுக்கும். ஆல்பிரைட் முடிச்சு தடித்ததை மடித்து, மெல்லியதை அதன்மேல் பத்துச் சுற்றுச் சுற்றுகிறது. ஜப்பானிலிருந்து வந்த எஃப்.ஜி. முடிச்சில் தடித்த நரம்பு வளைவதே இல்லை. பிரெய்ட் அதன்மேல் இருபது தடவை குறுக்குமறுக்காகப் பின்னிக் கவ்வுகிறது. வளைவு இல்லாததால் மெலிவும் இல்லை. ஆனால் நடுங்கும் குளிரில், படகில் நின்றுகொண்டு அதைப் போட முயன்றவர்களுக்கு அதன் விலை தெரியும். ஃப்ளூரோகார்பன் வேறு சங்கதி. 1971இல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் கொண்டுவந்த அந்த நரம்பு நீரில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, விறைப்பானது, அவசரமாக இறுக்கினால் முடிச்சிலேயே முறியும். பைக் மீனுக்கோ எந்த முடிச்சும் உதவாது. அதன் வாயில் நூற்றுக்கணக்கான பற்கள். முள்ளுக்கு முன்னால் எஃகுக் கம்பி வேண்டும். கம்பியை முடிவதைவிட உலோகக் குழலில் செருகி நசுக்குவதே மேல்.

இவ்வளவையும் விளையாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு நுணுக்கம் என்று ஒதுக்கிவிடலாம். ஜெர்மனியில் அப்படி ஒதுக்க முடியாததற்குச் சட்டம் ஒரு காரணம். 1972இன் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நியாயமான காரணமின்றி விலங்குக்கு வலி உண்டாக்கக் கூடாது. 2002இல் விலங்குப் பாதுகாப்பு அரசியல் சாசனத்திலேயே இடம்பெற்றது. உண்பதற்குப் பிடிப்பது நியாயம். தொண்டையில் முள்ளோடும் வாயில் ஒரு மீட்டர் நரம்போடும் மீனை அலையவிடுவது எந்தக் காரணத்திலும் அடங்காது. அழுகிப்போன குதிரை மயிரும் பட்டுப்புழு நரம்பும் இயற்கைக்குத் திரும்பின. நைலான் திரும்புவதில்லை. கைவிடப்பட்டுப் பால்டிக் கடலின் அடியில் கிடக்கும் ‘ஆவி’ வலைகளைத் தன்னார்வ அமைப்புகள் இன்றும் இழுத்து எடுத்துக்கொண்டிருக்கின்றன.

1939லேயே நாடு முழுமைக்கும் மீன்பிடி அட்டையைக் கட்டாயமாக்கிய தேசம் இது. இப்போது அது மாநிலங்களின் பொறுப்பு. பொதுவாகத் தேர்வு எழுதித் தேறினால்தான் அட்டை. பவேரியாவில் குறைந்தது 30 மணி நேர வகுப்பு, பிறகு 60 கேள்விகள். வடரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் 60 கேள்விகளோடு படத்தைப் பார்த்து மீனின் பெயர் சொல்ல வேண்டும், குறிப்பிட்ட மீனுக்கு உரிய கம்பையும் ரீலையும் மற்றவற்றையும் பொறுக்கிச் சேர்த்துக் காட்ட வேண்டும். எண்பதுகளில் ஈழத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் பலர் இந்த மாநிலத்தில்தான் வளர்ந்தார்கள். ஹாம் நகர்க் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவில் தீர்த்தமாடும் கால்வாயில்தான் மற்ற நாட்களில் தூண்டில்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணக் கடலோரத்தில் தங்கூசியைப் பல்லால் கடித்து முடிந்த தாத்தாவின் பேரன், இங்கே சட்டப் பிரிவுகளையும் நீரின் ஆக்சிஜன் அளவையும் மனப்பாடம் செய்து அட்டை வாங்குகிறான். அது தவறில்லை. மீனின் உடலமைப்பையும் பிடிக்கத் தடையான மாதங்களையும் அறியாதவன் தண்ணீருக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் விடையைக் குறியிடும் தேர்வு, விரல்களைப் பார்ப்பதில்லை. முடிச்சை இறுக்குமுன் நனைத்தானா, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக அடங்கினவா என்பதைத் தாளில் கேட்க முடியாது.

கடைக்காரர்களின் பங்கும் சிறியதல்ல. நரம்புச் சுருளில் ‘10 கிலோ’ என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் முடிச்சில்லாத நரம்பின் வலு. முடிச்சில்லாமல் யாரும் மீன் பிடிப்பதில்லை. முடிந்ததும் வலு குறைகிறது. பிரெய்டில் சுமாரான முடிச்சுப் போட்டால் பாதியே மிஞ்சுகிறது. முடிச்சுக்குள் நுழையும் இடத்தில் நரம்பு கூர்மையாக வளைவதால் அங்கேதான் முதலில் அறுகிறது. வாங்குகிறவர் சுருளில் உள்ள எண்ணை நம்பி மெல்லிய நரம்பை எடுக்கிறார். கணக்கைத் தீர்ப்பது மீன்.

எனவே கோரிக்கைகள் இரண்டு. நரம்பு விற்பவர்கள் முடிச்சோடு சோதித்த வலுவை, எந்த முடிச்சில் சோதித்தார்கள் என்ற குறிப்போடு சுருளில் அச்சிட வேண்டும். நெசவாலைகளில் பல காலமாக நடக்கும் சோதனைதான் இது, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தேர்வு நடத்தும் மாநிலங்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, மோனோவில் ஒரு முடிச்சும் பிரெய்டில் ஒரு முடிச்சும் போடச் சொல்லி, வில் தராசில் மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்றால் அட்டை இல்லை, அடுத்த முறை வரட்டும். அதுவரை தூண்டிலோடு கிளம்புகிறவர்கள், பாறையில் சிக்கி மீண்ட முடிச்சையும் பெரிய மீனை இழுத்த முடிச்சையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வெட்டிய துண்டைத் தண்ணீரில் போடாமல் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.